உரையாடற் பொறியும் வினாவிடை இலக்கணமும்

வினாவும் விடையும் நம் இலக்கண நூலார் நுணுகி ஆராய்ந்த பொருள்கள். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே தொல்காப்பியர் செப்பும் வினாவும் பற்றிய வழுக்களைப் பேசத் தொடங்கிவிடுகின்றார். நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துள்ளார். இப்பகுப்புகள் வகுப்பறையில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுதற்கு மட்டுமே உரியன போலக் கருதப்பட்டு வருகின்றன. மாந்தரோடு உரையாடும் கணினி நிரல்களை ஆராயப் புகுவார்க்கு இவை கூரிய கருவிகளாகும் என்பது எம் கருத்து. அதனை எலிசா என்னும் நிரலைக்கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம். விதிகளாலும் வாய்பாடுகளாலும் மட்டுமே இயங்கும் எளிய உரையாடற் பொறி, அதாவது சாட்பாட் என இன்று பலரும் வழங்கும் பொறி, எங்ஙனம் கட்டப்படுகின்றது என்பதும், அதனைத் தமிழிற் கட்ட முற்படின் எவ்விடங்களில் தடை நேரும் என்பதும் இவ்விளக்கத்தினிடையே புலனாகும். இக்காலத்துப் பெரிதும் பேசப்படும் பெரிய மொழி மாதிரிகள் வேறு நெறியில் இயங்குவன. அவை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

எலிசாவை ஆக்கியவர் ஜோசப் வைசன்பாம். 1923-இல் பெர்லினிற் பிறந்து, 1936-இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். அவர் தம் நிரலைப் பற்றிய கட்டுரையை 1966 சனவரியில் வெளியிட்டார். நிரல் ஐ.பி.எம். 7094 என்னும் கணினியில் இயங்கியது. பயன்படுத்துவோர் தட்டச்சுப் பொறி போன்ற முனையத்தின் முன் அமர்ந்து ஆங்கிலத்தில் எழுத, பொறியும் எழுத்திலேயே மறுமொழி தந்தது. பெர்னார்டு ஷாவின் பிக்மேலியன் நாடகத்திற் பூ விற்கும் பெண்ணொருத்தி உயர்குடியாரைப் போலப் பேசப் பயிற்றப்படுகின்றாள். அவள் பெயரே எலிசா. பேச்சு மாறினும் அறிவு அதனால் வளர்ந்ததாகாது என்னும் குறிப்பு இப்பெயரீட்டில் உள்ளது எனக் கொள்ளலாம். இதன் மூலநிரல் நெடுங்காலம் வெளிவராதிருந்து, 2021-இல் அக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த வைசன்பாமின் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டு வெளியிடப்பட்டது.

நிரலின் அமைப்பு இரு கூறுபட்டது. ஒரு கூறு விதிகளை இயக்கும் பொதுப் பொறி. மற்றொன்று விதிகளின் தொகுதி. தொகுதியை மாற்றினால் பொறி வேறு பொருள் பற்றி, வேறு மொழியிலுங்கூடப் பேசும். தொகுதிகளுள் பெரும்புகழ் பெற்றது ‘மருத்துவர்’ என்பது. மக்கள் எலிசா எனச் சுட்டுவது பெரும்பாலும் இதனையே. எழுதப்பட்ட தொடரைப் பொறி இடமிருந்து வலமாகச் சொற்சொல்லாக நோக்கும். தொகுதியிற் கண்ட திறவுச்சொல் ஏதேனும் தொடரில் உண்டா எனத் தேடும். ஒன்றுக்கு மேற்பட்ட திறவுச்சொற்கள் வரின் எதனைக் கொள்வது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் முதன்மை எண் தரப்பட்டுள்ளது. ‘என்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு எண் 2. கணினி என்னும் சொல்லுக்கோ 50. மருத்துவரிடம் வந்தவர் கணினி என்று வாய்திறந்தவுடன் ஏனையவெல்லாம் பின்தள்ளப்பட்டு, கணினி உங்களுக்குக் கவலை தருகின்றதா என்னும் போக்கில் மறுவினா எழும். ஆக்கியோனின் நகைச்சுவையும் முன்னறிவும் இவ்வெண்ணில் ஒருங்கே தோன்றுகின்றன.

திறவுச்சொல் கிடைத்தபின் பிரிப்பு விதி வேலை செய்யும். இதனை நம் மரபில் வாய்பாடு எனலே பொருந்தும். ‘என்’, ‘தம்பி’ என்னும் இரண்டும் நிலையாக நின்று, முன்னும் பின்னும் எத்தனை சொல்லும் வரலாம் என்பது ஒரு வாய்பாடு. வரலாம் என்னும் இடத்திற்கு எலிசாவில் 0 என்னும் குறி இடப்படும். வாய்பாடு பொருந்தியவுடன் தொடர் கூறுகளாகப் பிளவுபடும். பின்னர்க் கூட்டு விதி அக்கூறுகளுள் வேண்டியதனை எடுத்து, முன்னமே எழுதிவைத்த சொற்களோடு சேர்த்து மறுமொழி ஆக்கும். ‘என் தம்பி பேசுவதில்லை’ என்றால், ‘உங்கள் தம்பி பேசுவதில்லை என்பதை எப்போது உணர்ந்தீர்கள்?’ என்பது அவ்வாறு பிறக்கும். ஒரு வாய்பாட்டிற்குக் கூட்டு விதிகள் பல இருக்கும். அவை முறைவைத்துச் சுழலுமாதலின் ஒரே தொடரை இருமுறை எழுதினாலும் மறுமொழி வேறாகும். திறவுச்சொல் எதுவும் அகப்படாவிடின், மேலே கூறுங்கள் என்பது போன்ற பொதுமொழி வரும். அல்லது, முன்பு ‘என்’ என்று தொடங்கி அவர் கூறியதொன்றைச் சேமிப்பிலிருந்து எடுத்து, முன்னர் உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்களே என்று நினைவூட்டும். கேட்பார்க்கு இது பெரு வியப்பைத் தரும். நிரல் செய்ததோ, ஒரு தொடரை எடுத்து வைத்திருந்து வேறொன்றும் கிடைக்காதபோது நீட்டியதே.

மருத்துவர் வேடம் தற்செயலாக அமைந்ததன்று. கார்ல் ராஜர்ஸ் என்னும் உளவியலார் வகுத்த முறையில், மருத்துவர் அறிவுரை கூறாமல் வந்தவர் சொல்லையே அவர்க்குத் திருப்பிக் காட்டுவார். கப்பற்பயணம் பற்றி ஒருவர் கூற, கப்பல்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மருத்துவர் கேட்டால், அவர்க்குக் கப்பலே தெரியாது என்று எவரும் கருதார். ஏதோ உட்கருத்துடன் கேட்கின்றார் என்றே கொள்வர். உலகைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தும் குறைகாணப் பெறாத உரையாடல் இஃது ஒன்றே போலும். அறியாமை வெளிப்படாத இடத்தைத் தெரிந்து அங்கே பொறியை நிறுத்தியதே வைசன்பாமின் திறம் என்போம்.

இனி இத்தகைய பொறியைத் தமிழிற் கட்டுதலை எண்ணுவோம். ஆங்கிலத்தில் தன்மைச் சொல்லையும் முன்னிலைச் சொல்லையும் இடம் மாற்றும் வேலை சிறு பட்டியலில் முடிந்துவிடும். தமிழில் ‘நான்’ என்னும் எழுவாய் பெரும்பாலும் தோன்றா எழுவாயாகவே நிற்கும். இடம் வினைமுற்றின் விகுதியில் உறையும். ஆயின் இதனாற் பெருந்தீங்கு இல்லை. போகிறேன், போனேன், போவேன், போகமாட்டேன் என்னும் நான்கினும் ஈற்றை மட்டும் மாற்றினால் போகிறீர்கள், போனீர்கள், போவீர்கள், போகமாட்டீர்கள் எனச் செம்மையாக அமைகின்றன. காலம் காட்டும் இடைநிலை தன் இடத்தில் நிற்க, விகுதி ஒன்றே மாறுகின்றது. பகுதி, விகுதி, இடைநிலை என்னும் பகுபத உறுப்பிலக்கணம் ஒரே விதியில் நூற்றுக்கணக்கான வினைகளுக்கு விடைதருதல் கண்டு மகிழ்தற்குரியது.

மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. விகுதியை நாம் ‘ஏன்’ என எழுதுகின்றோம். அங்ஙனமே விதியில் எழுதினால் அவ்விதி எந்த வினைமுற்றையும் தொடாது. ‘ஏன்’ என்னும் வினாச்சொல்லை மட்டுமே பிடிக்கும். காரணம் ஒருங்குறியின் அமைப்பு. அதில் ஏகார உயிரெழுத்துக்கு ஒரு குறியெண்ணும், உயிர்மெய்யில் வரும் ஏகாரக் குறிக்கு வேறொரு குறியெண்ணும் உள்ளன. மேலும், ‘க’ என்னும் அகர உயிர்மெய்யே அங்கு அடிப்படை. ‘க்’ என்பது அதன்மேற் புள்ளி சேர்ந்த இரு குறிகள். புள்ளி பெறுதலும் இழத்தலும் பற்றி நூன்மரபு கூறும் வரிவடிவச் செய்திக்கு இஃது இயைபுடையதே. மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய் ஆதல் என்னும் ஒலிநிலைக்கோ இஃது ஒத்துவாராது. ‘தாய்’ என்பதனைத் திறவுச்சொல்லாக வைத்தால் ‘தாயை’ என்பதிலே அது காணப்படாது. புள்ளி மறைந்து ஐகாரக் குறி ஏறிவிட்டதன்றோ? புள்ளியை நீக்கித் ‘தாய’ என வைத்தால் ‘தாயை’யும் ‘தாயால்’ என்பதும் அகப்படும். தாயம் ஆடினேன் என்பவனிடமும் பொறி அவன் அன்னையைப் பற்றி உசாவத் தொடங்கும். ஆதலின் விதிகளை எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் மெய்யும் உயிருமாகப் பிரித்துவைத்தலே நேரிய வழி. ஒகரம் ஏறிய எழுத்தை ஒரு குறியாகவும் இரு குறிகளாகவும் பதிவுசெய்ய இயலுமாதலின், இரண்டனையும் ஒன்றாக்கும் வேலையும் முன்னரே முடிதல் வேண்டும்.

பிரித்தபின்னும் இடர் தீராது. தேன் குடித்தேன் என்று எழுதினால், ‘தீர்கள் குடித்தீர்கள்’ என்று பொறி திருப்பிக் கூறும். தேன் என்பதனை விலக்குப் பட்டியலிற் சேர்க்கலாம். ‘மலைத்தேன்’ என்பதை என் செய்வது? மலையிற் கொண்ட தேனும் அதுவே. திகைத்து நின்றேன் என்பதும் அதுவே. சிலேடைப் புலவர்க்கு விருந்தாவது விதி எழுதுவார்க்கு முள்ளாகின்றது. மேலே யாம் எழுதிய ‘என் செய்வது’ என்பதும் அத்தகையதே. துயருற்றவர் வாயில் இயல்பாக வரும் ‘என் செய்வேன்’ என்னும் தொடர் ‘உங்கள் செய்வீர்கள்’ என மாறிவிடும். ஈண்டு ‘என்’ ஆறாம் வேற்றுமைப் பொருளதன்று, வினா. அடுத்து வரும் சொல் பெயராயின் உடைமைப்பொருள், வினையாயின் வினா என ஒரு விதி எழுதலாம். பெரும்பாலும் அது நிற்கும். என்னை, என்னால், எனக்கு, என்னோடு ஆகியவற்றிற்கு ‘என்’ என்னும் தொடக்கத்தை மட்டும் பார்த்து மாற்றினால் என்ன, என்று, எனவே, எனினும் என்பனவும் சிதையும். ஆகவே வேற்றுமை உருபேற்ற வடிவங்களை ஒவ்வொன்றாக முழுச்சொல்லாய்ப் பட்டியலிடுதலே சாலும். பட்டியல் நீளுமாயினும் முடிவுடையது.

தொடரமைப்பிலும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. எலிசா காற்புள்ளியையோ முற்றுப்புள்ளியையோ கண்டவுடன், அதற்குமுன் திறவுச்சொல் கிடைத்திருந்தாற் பின்வருவதை எல்லாம் விட்டுவிடும். கிடைக்காதிருந்தால் முன்னதை விட்டுவிடும். வினை முன்னரே வந்துவிடும் ஆங்கிலத்திற்கு இது பெரிதும் பொருந்தும். ‘நேற்று ஊருக்குப் போய், தாயைப் பார்த்து, மனம் நொந்து திரும்பினேன்’ என்னும் தமிழ்த் தொடரில் இவ்விதியை ஏற்றிப் பார்க்க. முதற்கூறு கழியும், மூன்றாவதும் கழியும், தாயைப் பார்த்து என்னும் எச்சம் மட்டும் முடிக்குஞ்சொல் இன்றி அந்தரத்தில் நிற்கும். மனம் நொந்த செய்தியே போய்விட்டது. தமிழுக்குரிய பொறி தொடரை இறுதியிலிருந்து நோக்குதல் வேண்டும். முற்றை முதலிற் கண்டு, பின் அதற்கு முன்னுள்ள எச்சங்களை அதனோடு சார்த்துதல் வேண்டும்.

இடையூறுகளையே கூறிச் செல்லுதல் முறையன்று. தமிழ் எளிதாக்கும் இடமும் உண்டு. ஆங்கில முன்னிலைச் சொல் எழுவாயாயினும் செயப்படுபொருளாயினும் ஒரே வடிவினது. அதனைத் தன்மையாக மாற்றும்போது எவ்வடிவு இடுவது எனப் பொறி மயங்கும். நமக்கு ‘நீங்கள்’ வேறு, ‘உங்களை’ வேறு. ‘நீங்கள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை’ என்பது ‘நான் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை’ எனத் தடையின்றி மாறும். இம்மாற்றத்தை ஒருங்கே செய்தல் வேண்டும் என்பது மட்டும் கருத்திற்கொள்க. முதலில் என்னையை உங்களையாக்கி, அடுத்து உங்களையை என்னையாக்கினால் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்வோம்.

ஆங்கிலத்தில் எழாத வினா ஒன்றும் தமிழில் எழுகின்றது. ‘நாங்கள் துன்புற்றோம்’ என்றால் ‘நீங்கள் துன்புற்றீர்கள்’ எனலாம். ‘நாம் எல்லோரும் ஒருநாள் இறப்போம்’ என்று ஒருவர் எழுதினால்? நாம் என்பது முன்னிலையாரையும் உளப்படுத்துவது. இலக்கணப்படி பொறி அதனை மாற்றாது ‘நாம்’ என்றே திருப்பிக் கூறுதல் வேண்டும். இறத்தல் இல்லாத பொறி அவ்வுளப்பாட்டிற்கு உரியதா? தன்மைப் பன்மையில் இவ்வேறுபாடு இல்லாத ஆங்கிலத்தில் எழுதிய வைசன்பாமுக்கு இதனை எண்ணவேண்டிய தேவை எழவில்லை. தமிழில் விதி எழுதுவார் இதில் ஒரு முடிவுக்கு வாராமல் அடுத்த வரிக்குச் செல்ல இயலாது. நீ என்பதா, நீங்கள் என்பதா என்னும் தேர்வும் அத்தகையதே. ஆயினும் அதனை மரியாதைப் பன்மை கொண்டு எளிதிற் கடந்துவிடலாம்.

இவற்றையெல்லாம் சீர்செய்து, வழுவற்ற தமிழில் வினாவும் பொறி ஒன்றை ஆக்கிவிட்டதாகக் கொள்வோம். அதன் வினா எவ்வகை வினா? நன்னூலார் கூறும் ஆறும் அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்பன. இவை சொல்லின் வடிவால் வகுக்கப்பட்டன அல்ல. ‘இச்செய்யுட்குப் பொருள் யாது?’ என்பது ஆசிரியர் வாயில் அறிவினா. மாணவர் வாயில் அறியாவினா. சொல் ஒன்றே, வேறுபாடு வினவுவோர் உள்ளத்தது. வாய்பாட்டுப் பொறியோ வடிவை மட்டுமே உடையது. ‘ஏன் வருந்துகிறீர்கள்?’ என்று அது எழுதும்போது, காரணத்தை அறிந்து வினவுவதும் அன்று, அறியாமையால் அறிய விரும்பி வினவுவதும் அன்று, ஐயுற்றதும் அன்று. ஆறனுள் எதனினும் அது அடங்கவில்லை. ஆயினும் முன் அமர்ந்திருப்பவர் அதனை அறியாவினாவாக, தம்மேற் பரிவுகொண்டு எழுந்த வினாவாக ஏற்றுக்கொள்கின்றார். வினாவின் வகையை அமைப்பவர் கேட்பவரே ஆகின்றார்.

விடையை நோக்கினும் இதுவே. வினாவிற்கு மறுமொழியாக வரும் வினாவையும் தொல்காப்பியர் செப்பின்பாற் படுத்துவர். நன்னூலார் எட்டு விடைகளுள் வினா எதிர் வினாதலை ஒன்றாக வைப்பர். ‘திருமணத்திற்கு வருவாயா?’ என்றார்க்கு ‘வாராதிருப்பேனோ?’ என்றால், உடன்பாடு குறிப்பாற் பெறப்படுகின்றது. எதிர்வினா விடையாவது அதனுள் ஒரு குறிப்பு அடங்கியிருத்தலாலேயே. எலிசாவின் தொழில் முழுவதும் எதிர்வினாவே. ‘நான் பிழைத்தெழுவேனா?’ என்றார்க்கு, ‘பிழைத்தெழுவது பற்றி ஏன் கேட்கிறீர்கள்?’ என்னும். வடிவால் அது வினா எதிர் வினாதல். உள்ளே குறிப்பு இல்லாமையின் விடை அன்று. குறிப்பைத் தேடிக் கண்டு அதனை விடையாக்குபவரும் கேட்டவரே.

இது நூலளவில் நின்ற ஆராய்ச்சியன்று. வைசன்பாமின் செயலாளராகிய பெண்மணி அந்நிரல் ஆக்கப்படுவதைப் பல திங்களாகக் கண்டிருந்தவர். அது நிரலே என்பதை நன்கறிந்தவர். அவர் அதனோடு சிறிது நேரம் உரையாடத் தொடங்கியவுடன், வைசன்பாமை அறையைவிட்டு வெளியே செல்லுமாறு வேண்டிக்கொண்டார். 1976-இல் வெளியிட்ட நூலில் வைசன்பாம் இதனைக் குறிப்பிடுகின்றார். மனநோய் மருத்துவராகிய கென்னத் கோல்பியும் அவருடன் பணியாற்றியோரும் இத்தகைய நிரல்களை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என 1966-இலேயே எழுதினர். இவை வைசன்பாமைக் கலங்கச் செய்தன. சில பணிகளைப் பொறி செய்ய இயலுமாயினும் பொறியிடம் ஒப்படைத்தல் தகாது என்று அந்நூலில் அவர் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிபு. பொறி தன் துயரை அறிந்தது என்று ஒருவர் கொள்ளும் மயக்கம் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதை, அறியாவினாவின் வடிவும் அறியாவினாவும் வேறு என்னும் நம் இலக்கணம் துல்லியமாகச் சுட்டுகின்றது என்பதே யாம் கூற விழைவது.

ஆறு வினாக்களுள் ஒன்றற்கு மட்டும் விதிப்பொறி அணுகிச் செல்லக்கூடும். ‘மலைத்தேன்’ என்னும் சொல்லுக்குப் பெயர் வாய்பாடும் வினை வாய்பாடும் ஒருசேரப் பொருந்துகின்றன என்று கொள்க. எலிசாவாயின் முதன்மை எண் மிக்கதனைக் கொண்டு மேற்செல்லும். அவ்வாறன்றி, இரு விதிகள் பொருந்தி எதுவும் விலகாத இடத்தில் நின்று, ‘மலையிற் கொண்ட தேனையோ கூறினீர்கள், திகைத்ததையோ?’ என்று வினவுமாறு அமைக்கலாம். ‘போனோம்’ என்று எழுவாயின்றி வருமிடத்தும் ‘நாங்கள்’ எனக் கொள்வதா, ‘நாம்’ எனக் கொள்வதா என இவ்வாறே கேட்கச் செய்யலாம். இதற்கு வேண்டும் விதி மிகச் சிறிது: பொருந்திய வாய்பாடுகளை எண்ணி, ஒன்றுக்கு மேற்படின் அவற்றைப் பெயர்சுட்டி உசாவுக என்பது. இவ்வினா எழுதற்குப் பொறியினுள்ளேயே ஒரு காரணம் உண்டு. பெறும் விடையால் அடுத்த செயலும் வேறுபடும். இதனை ஐயவினா எனல் முழுதும் பொருந்துமா என்பதில் யாம் இன்னும் முடிவுகொள்ளவில்லை. ‘ஏன் வருந்துகிறீர்கள்?’ என்பதினும் இது நேர்மையான வினா என்பதில் ஐயமில்லை.